ஓய்வு எடு என்றால் போதுமா?

பட்டுப் புடவை வாங்கக் காஞ்சிபுரம் போகிறவர்கள் கடை விளக்கில் ஜரிகையின் மினுமினுப்பைத்தான் பார்க்கிறார்கள். அப்படியே பிள்ளையார்பாளையம் பக்கம் போய், குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் கழுத்தையும் ஒரு தரம் பார்த்து வரலாம். குழிக்குள் கால் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும். கை நாடாவைத் தள்ளும், பலகையை இழுத்து அடிக்கும். தலை மட்டும் நிமிராது. கோர்வைப் புடவையென்றால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா. ஒவ்வோர் இழையும் சரியாகக் கோத்துக்கொண்டதா என்று குனிந்து பார்த்தே ஆக வேண்டும்.

கழுத்து பிடித்து, வலி தோளில் இறங்கி, விரல் மரத்துப்போன பிறகுதான் வைத்தியரிடம் போகிறார்கள். "சில வாரம் தறியில் உட்காராதீர்கள்" என்கிறார் அவர். நல்ல யோசனைதான். ஆனால் நெசவாளிக்குக் கூலி புடவைக் கணக்கில் அல்லவா? தறி ஓடாத வாரத்தில் அடுப்பு எப்படி எரியும்? ஆகவே தைலத்தைத் தடவிக்கொண்டு மூன்றாம் நாளே குழியில் இறங்கிவிடுகிறார். பாதி ஆறிய கழுத்து மறுபடி பிடித்துக்கொள்கிறது.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த ஆலைத் தொழிலாளி நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உண்டு. வீட்டுத் தறிக்காரருக்கு அது இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் மற்றத் தொழிலாளியைப் போலவே நடத்த வேண்டுமென்று 1996-ல் ஜினீவாவில் உடன்படிக்கை செய்தார்கள். இந்தியா அதை ஏற்கவில்லை.

சர்க்கார் ஏற்கும்வரை காத்திருப்பானேன்? நெசவாளர் சங்கங்களும் பட்டு முதலாளிகளும் புடவைக்கு இவ்வளவு என்று ஒதுக்கி, ஓய்வு நாளுக்குக் கூலி கொடுக்கலாம். முதுகு சாயப் பலகையும் தறிக்கு மேல் நல்ல விளக்கும் அடுத்த செலவு.