இன்னும் மொட்டையாகல்லயே!

நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு ரம்பொடை வளைவுகளில் இறங்கி, கம்பளை வழியாகக் கண்டிக்கு வரும் லொறிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நாங்கள் டயரைத்தான் பார்க்கிறோம். ‘இன்னும் மொட்டையாகல்லயே, ஓடலாம்’ என்பதுதான் எங்கட ஊர்க் கணக்கு.

மொட்டை மட்டுமா ஆபத்து? பக்கவாட்டில் முட்டை மாதிரி வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. வெட்டுக்குள் நூலோ கம்பியோ தெரிந்தாலும் அந்த டயர் முடிஞ்சுது. பின்னால் இரட்டைச் சில்லுதானே, ஒன்று போனால் மற்றது தாங்கும் என்பார்கள். தாங்கும்தான், இரண்டின் பாரத்தையும் ஒற்றையாக. சூடேறி அதுவும் வெடிக்கும். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ரம்பொடையில் அந்தப் பக்கம் பள்ளமாகவும் இருக்கலாம்.

இதெல்லாம் சாரதிக்குத் தெரியாதா? எங்களைவிட நல்லாவே தெரியும் (நாங்கள் கலைப்பீடம், சைக்கிள் டயர்கூட மாற்றியதில்லை). ஆனால் புது டயருக்கான காசு முதலாளியிடம். 2022இல் ரூபாய் விழுந்ததும் டயர் விலை எங்கேயோ போய்விட்டது. லொறி நின்றால் முதலில் போவது சாரதியின் அன்றைய சம்பளம். அவர் என்ன சொல்வார்? ‘இந்த ட்ரிப் மட்டும்’ என்பார்.

‘இந்த டயரோட ஓடமாட்டேன்’ என்கிற சாரதிக்கு அன்றைய சம்பளம் கிடைக்கவேண்டும். விபத்து நடந்ததும் சாரதியைப் பிடிக்கிற பொலிஸ், அந்த டயரோடு லொறியை அனுப்பிய முதலாளியையும் கூப்பிட்டு விசாரிக்கட்டும்.