வெள்ளம் வருமுன்



சென்ற இதழில் இரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை நமது தேம்ஸ் நதியைப் பற்றி எழுத விரும்புகிறேன். வைத்தியருக்கும் நதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டு இடத்திலும் அளந்து பாராமல் வைத்தியம் செய்யக்கூடாது என்பதே சம்பந்தம்.

என்னிடம் வரும் ஆங்கில மூதாட்டி ஒருவர் சிறுமியாகக் கான்வி தீவில் வாழ்ந்தவர். 1953 ஜனவரி 31ஆம் திகதி இரவு வழமைபோல் உறங்கப் போனார்கள். நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் கடல் வீட்டினுள் புகுந்தது. இன்றும் பலத்த காற்றடித்தால் தமக்கு நித்திரை வருவதில்லை என்கிறார்.

அன்று பூரணையை அடுத்த பெருங் கடற்பெருக்கு. அதனுடன் வடகடலில் காற்றழுத்தம் குறைந்து கடல்மட்டம் உயர்ந்தது. வடக்கிலிருந்து வீசிய புயல் அந்நீரைத் தெற்கே தள்ளியது. வடகடல் தெற்கே செல்லச் செல்ல ஒடுங்குவதால் நீர் மேலும் உயர்ந்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரும், நெதர்லாந்தில் 1,800க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். கான்வியில் மட்டும் 50க்கும் மேற்பட்டோர்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இதே வெள்ளம் லிங்கன்ஷயர் கரையைத் தாக்கியது மாலை ஏழு மணியளவில். கான்விக்கு வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் இருந்தது. தண்ணீர் கரையோரமாக வந்து சேர்ந்தது. செய்தி வந்து சேரவில்லை. நோயாளியின் நிலை மோசமாவதைத் தாதி குறித்து வைத்தும், அக்குறிப்பு வைத்தியரின் கைக்கு எட்டாவிட்டால் என்ன பயன்?

அதன் பின்னரே கிழக்குக் கரைக்கெனப் புயற்பெருக்கு எச்சரிக்கைச் சேவை அமைந்தது. இலண்டனுக்குத் தடுப்பணை வேண்டுமா என்ற வாதம் ஆண்டுக்கணக்காக நீண்டது. கப்பல்களுக்கு அகன்ற வழி வேண்டுமென்பது ஒரு தடை. 1967இல் கணித அறிஞர் ஹெர்மன் பொண்டி ஆபத்தை ஆராய்ந்து, தடுப்பணை அவசியமென அறிக்கை கொடுத்தார். 1974இல் வூல்விச்சில் வேலை தொடங்கி, 1982இல் அணை இயங்கத் தொடங்கியது. நதியின் குறுக்கே 520 மீற்றர், பத்துக் கதவுகள். 1953இலிருந்து எண்ணினால் 29 ஆண்டுகள்!

அணை கட்டியதும் கதை முடிந்துவிடவில்லை. 1980களில் கதவுகளை மூடிய தடவைகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். 2013-14 மாரியில் மட்டும் 50 தடவை மூடினார்கள். அவற்றில் 41, மேலிருந்து வந்த மழைவெள்ளத்துக்காக. அடிக்கடி மூடினால் இயந்திரம் தேயும், பராமரிக்க நேரமும் கிடையாது.

ஆகவே 2012இல் வெளியான தேம்ஸ் முகத்துவாரத் திட்டம் ஒரே மருந்தை நூறாண்டுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கடல்மட்டம், கரைச்சுவர்களின் நிலை முதலியவற்றை அளந்து, காலத்துக்குக் காலம் முடிவை மாற்றலாம் என்றது. அவ்வாறே 2023இல் திருத்தினார்கள். அணைக்கு மேற்பக்கத்துச் சுவர்களை உயர்த்தும் வேலையை 15 ஆண்டுகள் முற்படுத்தி, 2050க்குள் முடிக்க வேண்டுமென்றார்கள். முன்பு சொன்னது பிழைத்துவிட்டதே என்று சிலர் குறை சொல்லலாம். புதிய பரிசோதனை முடிவைக் கண்டும் பழைய மருந்தையே கொடுப்பவரிடம் நீங்கள் போவீர்களா?

நாம் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் தபால் குறியீட்டைக் கொடுத்து, வீடு வெள்ள அபாயப் பகுதியில் உள்ளதா என்று அரசாங்கச் சேவையில் பாருங்கள். அப்படியாயின் இலவச எச்சரிக்கைக்குப் பதிவு செய்யுங்கள். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் பெரியோருக்குப் பிள்ளைகள் செய்து கொடுங்கள். அன்றாட மருந்துகளையும் கடவுச்சீட்டையும் ஒரே பையில், உயரமான இடத்தில் வையுங்கள். வெள்ளநீரில் மலநீர் கலந்திருக்கும். அது பட்ட உணவை உண்ணாதீர்கள், பிள்ளைகளை அதில் விளையாட விடாதீர்கள்.

எச்சரிக்கை வந்து சேரும் வீடாக நம் வீடு இருக்கட்டும். அடுத்த இதழில் மூட்டு நோவுடன் சந்திப்போம்.