ரொஸ்லினுக்கு எதற்கு விதி?

‘பட்டில்ஸ்டார் கலாக்டிகா’வைப் பாத்து முடிச்ச கையோட ஒரு சிநேகிதன் சொன்னான்: “பொம்பிளத் தலைமை எண்டா இப்பிடி இரிக்கோணும் மச்சான்.” எனக்கு இதில் உடன்பாடில்லை.

2004 முதல் 2009 வரை நான்கு பருவங்களாக ஒளிபரப்பான அமெரிக்கத் தொடர் அது. மனிதர் படைத்த சைலன் இயந்திரங்கள் மனிதரின் பன்னிரண்டு உலகங்களையும் அழித்துவிடுகின்றன. அரசாங்கத்தில் மிஞ்சியவர் கல்வி அமைச்சர் லோரா ரொஸ்லின். பதவி வரிசையில் 43ஆவது ஆள். கப்பலிலேயே சத்தியப்பிரமாணம் செய்து சனாதிபதியாகிறார். மார்பகப் புற்றுநோய் எண்டு அவருக்குத் தெரியவந்ததும் அதே நாளில்தான்.

இனித்தான் என் சண்டை. பழைய வேதம் ஒன்றில், சாகப்போகும் தலைவர் ஒருவர் சனத்தைப் புது நிலத்துக்குக் கூட்டிப்போவார், ஆனால் தான் போய்ச்சேர மாட்டார் எண்டு எழுதியிருக்கிறது. அதை நம்பி, தளபதி அடாமாவைக் கேளாமல் விமானி ஸ்டார்பக்கை அனுப்புகிறார் ரொஸ்லின். படை வந்து அவரைப் பதவியிறக்கிச் சிறை வைக்கிறது. தப்பி வந்து, “அந்தத் தலைவர் நான்தான்” எண்டு அறிவித்த பிறகே கப்பல்களில் ஒரு பகுதி அவர் பின்னால் போகிறது. சட்டம் தந்த பதவி காணாதாம். வேதமும் வேணும், சாவும் வேணும்.

அடாமாவைப் பாருங்கள். பூமி எங்கே இருக்கெண்டு தனக்குத் தெரியும் எண்டு முழுச் சனத்துக்கும் பொய் சொன்னவர் அவர். அவரிடம் யாரும் தரிசனம் கேட்கவில்லை. சீருடை போதுமாயிருந்தது.

விதியில் ஏறினவரைக் கேள்வி கேட்கவும் ஏலாது. தேர்தலில் தோற்கப்போகிறார் எண்டு தெரிந்ததும் ரொஸ்லினின் ஆட்கள் வாக்குகளை மாற்றுகிறார்கள், அவருக்கும் சம்மதம். அடாமா கண்டுபிடித்துத் தடுத்தபின்தான் விலகுகிறார். பிறகு, வென்ற பால்ட்டார் சைலன்களிடம் சரணடைகிறார். “பாத்தியா, அவ சொன்னதுதான் சரி” எண்டு கதையே களவுக்கு வக்காலத்து வாங்குகிறது.

இந்தப் பழக்கம் எங்களுக்குப் புதிதில்லை. செட்டிபாளையம், ஆரையம்பதி எண்டு வாவிக்கரை ஊர்களில் வைகாசியில் கண்ணகிக்குச் சடங்கு. வழக்குரை பாடுவோம். அவள் அரசன் முன் போனது தரிசனத்தோடு இல்லை, காற்சிலம்போடு. உடைத்தாள், உள்ளே மாணிக்கம். அது சாட்சி. நாங்கள் என்ன செய்தோம்? வழக்காடின பெண்ணைத் தெய்வமாக்கினோம், குளிர்த்தி பாடி அவள் கோபத்தை ஆற்றி அனுப்புகிறோம். தாய்வழியாகக் குடி பார்க்கிற சமூகம் நாங்கள். ஆனால் அந்தக் குடிக்குக் கோயிலில் வண்ணக்கராக இருக்கிறவர் பெரும்பாலும் ஆம்பிளைதான். அம்மன் உள்ளே இருக்கலாம், பொம்பிள நிர்வாகத்தில் இருந்தால் மட்டும் ஆயிரம் கேள்வி!

நம்பிக்கை வேண்டாம் எண்டு நான் சொல்ல வரவில்லை. என் அம்மம்மாவைத் தாங்கினதும் அம்மன்தான். ஆனால் நம்பிக்கை ஆறுதலாக இருப்பது வேறு, தலைமைக்கு அனுமதிச் சீட்டாக இருப்பது வேறு.

எனக்குப் பிடித்த ரொஸ்லின் வேறொருத்தி. அவர் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் உயிரோடு மிஞ்சியவர்களின் தொகை. ஒரு குழந்தை பிறந்த செய்தி வந்ததும் 47,972ஐ 47,973 ஆக்குகிறார். வேதமும் விதியும் இல்லாமல், ஒவ்வொரு உயிருக்கும் கணக்கு வைக்கிற தலைமை அது.

அந்தத் தலைமை எங்கட ஊரில் இருக்கிறது. 1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் கொண்டுபோன 158 பேரும் திரும்பவில்லை. பிள்ளையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு நடந்த தாய்மாரை எந்த வேதமும் தெரிவு செய்யவில்லை. அவர்களிடம் இருந்தது பெயரும் திகதியும். கண்ணகியின் சிலம்பு மாதிரி.

அவர்களை “வீரத்தாய்” எண்டு கும்பிட்டுவிட்டுப் போகாதீங்க. அதுவும் ஒரு குளிர்த்திதான். கூட்டத்தில் கதிரை குடுங்க, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.