அச்சமும் ஆதரவும்

நம்மிடம் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர், தம் தாயார் மௌத்தாகிச் சில வாரங்கள் சென்றபின் நம் இல்லம் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நம் முன் வைத்தார். இரட்சிப்பின் நிச்சயத்தைப் பற்றிக் கிறிஸ்தவ அன்பர்கள் வழங்கிவரும் துண்டுப் பிரசுரங்களுள் ஒன்று அது. இயேசு தன் பாவங்களுக்காகச் சிலுவையில் உயிர் விட்டார் என நம்பி ஏற்கும் ஒருவன், தான் மீட்கப்பட்டுவிட்டதை இன்றே, இருந்த இடத்திலேயே உறுதியாக அறிந்துகொள்ளலாம் என்பதும், ஏனைய மார்க்கத்தார் சாகும்வரை ஐயத்தில் உழல்வர் என்பதும் அதன் சாரம்.

“ஹழ்ரத், இதற்கு மறுப்பு எழுதித் தாருங்கள் என்று கேட்க நான் வரவில்லை. ஆஸ்பத்திரியில் உம்மா கடைசிப் பத்து நாளும் பயந்துகொண்டே கிடந்தார்கள். கப்ரை நினைத்து நினைத்து அழுதார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிறிஸ்தவ அம்மா. அவர்களுக்கும் அதே நோய்தான். அவர்கள் சிரித்த முகமாய்ப் போய்ச் சேர்ந்தார்கள். இந்தத் தாள் அவர்கள் கொடுத்தது. அவர்களுக்கு இருந்தது உம்மாவுக்கு ஏன் இல்லாமல் போயிற்று?”

இவ்வினாவுக்கு மேடையில் முழங்கி விடையளித்துவிட முடியாது. பைபிளின் முரண்களை எண்ணிக் காட்டி எதிரியின் வாயை அடைக்கும் கலை நம் இளைஞர் சிலருக்குக் கைவந்திருக்கிறது. நாமும் ஒரு காலத்தில் அதனைச் செய்தவர்களே. ஆனால், தாயை இழந்த பிள்ளையிடம் அது செல்லாது. ஆகவே அத்தாளையே எடுத்துக்கொண்டு, அது தரும் வாக்கு எத்தகையது என்று நிதானமாகப் பார்ப்போம்.

அவ்வாக்கைக் கிறிஸ்தவ உலகம் முழுதும் ஒருமித்துத் தந்ததில்லை. இதைத் துண்டுப் பிரசுரங்கள் சொல்வதில்லை. ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் நம்பிக்கையால் மட்டுமே ஒருவன் நீதிமானாகிறான் எனப் போதித்தபோது, அந்நம்பிக்கையோடு நிச்சயமும் சேர்ந்தே வரும் என்றார். ரோமச் சபை அதனை ஏற்கவில்லை. 1547ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ட்ரெண்ட் நகரில் கூடிய அவர்களுடைய பேரவை, இறைவனிடமிருந்து தனிப்பட்ட வெளிப்பாடு கிடைக்காத எவரும் தாம் அருள் பெற்றுவிட்டதாகத் தவறவே இயலாத உறுதியுடன் அறிய முடியாது என்று தீர்மானித்தது. அத்தகைய உறுதியை வீண் நம்பிக்கை என்றே அது பெயரிட்டது. இன்று உலகக் கிறிஸ்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்த ரோமச் சபையினரே. அவர்களும் சிலுவையை நம்புபவர்கள்தாம்.

லூதரின் வழிவந்தோரிடமாவது ஒரே குரல் உண்டா எனில், அங்கும் இல்லை. 1646இல் இங்கிலாந்தில் வெஸ்ட்மின்ஸ்டர் பேரவையார் வகுத்த விசுவாச அறிக்கையில் இதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. நிச்சயம் கிட்டக்கூடியதே என்று அது உறுதி கூறுகிறது. ஆயினும் உண்மை விசுவாசி ஒருவன் நெடுங்காலம் காத்திருந்து, பலவாறு போராடிய பின்னரே அதனை அடைய நேரலாம் என்றும், அடைந்தபின்னும் அது அசைந்து மங்கலாம் என்றும் அதே அதிகாரத்தில் ஒப்புக்கொள்கிறது. இன்றே, இவ்விடத்திலேயே என்னும் அவசரம் அப்பெரியார்களிடம் இல்லை.

ஜான் பன்யன் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தமிழ் கற்றோர் பலரும் அறிவர். 1678இல் வெளிவந்த நூல். அதனைத் தழுவியே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை அவர்கள் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தைச் செய்தளித்தார்கள். 1894இல் அது அச்சேறிற்று. கொள்கை வேறாயினும் அவர்தம் செந்தமிழ்ச் சுவைக்காக அதனைப் பலமுறை படித்திருக்கிறோம், மாணவர்க்குப் பாடமும் சொல்லியிருக்கிறோம். நிற்க. பன்யனின் மூலக் கதையில், பயணி தன் நெடுவழியின் முடிவில் மரணம் என்னும் ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. பாலமில்லை. நீரில் இறங்கியதும் அவனைத் திகில் பற்றிக்கொள்கிறது. பழைய பாவங்கள் நினைவுக்கு வருகின்றன. தான் கரை சேரப் போவதில்லை என்றே அலறி மூழ்குகிறான். நம்பிக்கையாளன் என்னும் தோழன் அவன் தலையைத் தாங்கிப் பிடித்து அக்கரை சேர்க்கிறான். அதே ஆற்றை அறியாமை என்னும் பெயருடைய மற்றொருவன் சிறிதும் சிரமமின்றிக் கடக்கிறான். வீண் நம்பிக்கை என்னும் ஓடக்காரன் அவனை ஏற்றிச் செல்கிறான். அக்கரையில் நடந்தது என்ன? நடுங்கியவன் நகருக்குள் வரவேற்கப்பட்டான். நடுங்காதவன் வாயிலிலிருந்தே நரகுக்கு இழுத்துச் செல்லப்பட்டான்.

பன்யன் நம்மவரல்லர், கொள்கைக்காகப் பெட்போர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்த கிறிஸ்தவப் போதகர். இறுதி நேரத்து அமைதியை ஈடேற்றத்தின் சான்றாகவும், இறுதி நேரத்து நடுக்கத்தை இழப்பின் சான்றாகவும் கொள்ளலாகாது என்பதை அவரே நமக்குக் கதையாக்கித் தந்துவிட்டார். நம் மாணவரிடம் முதலில் நாம் சொன்னதும் இதைத்தான்.

வேறொருவரையும் சொல்ல வேண்டும். வில்லியம் கௌப்பர் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1731இல் பிறந்து 1800இல் மறைந்தவர். ஓல்னி என்னும் ஊரில் போதகர் ஜான் நியூட்டனுடன் சேர்ந்து அவர் இயற்றிய ஞானப் பாடல்கள் 1779இல் தொகுதியாக வந்தன. இன்றும் ஆலயங்களில் அவை பாடப்படுகின்றன. அப்பாடல்களால் எத்தனையோ உள்ளங்கள் ஆறுதல் பெற்றிருக்கும். பாடியவருக்கோ ஆறுதல் கிட்டவில்லை. 1773இல் கண்ட ஒரு கனவுக்குப் பின், இறைவன் தம்மை அடியோடு கைவிட்டுவிட்டான் என்னும் எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. எஞ்சிய இருபத்தேழு ஆண்டுகளில் அது முற்றாக நீங்கவே இல்லை. அவர் மனநோயால் வருந்தியவர். ஒரு நோயாளியின் துயரை அவருடைய மதத்தின் தலையில் சுமத்துவது அறமன்று; நாம் அதைச் செய்யவில்லை. நாம் கேட்பது இவ்வளவே: நண்பர்கள் அனைவரும் மீட்கப்பட்டவர் என்று உறுதியாக நம்பிய ஒருவருக்கு அந்த நிச்சயம் தம்முள் எட்டாமலே போனது எனில், நிச்சய உணர்வு வேறு, ஈடேற்றம் வேறு என்பது தெளிவாகவில்லையா? அவ்வாறாயின், உணர்வு இல்லாதவரைப் பார்த்து உனக்கு ஈடேற்றம் இல்லை என்று எங்ஙனம் துணிந்து கூறுவது?

உண்மையில் அச்சம் அங்கும் ஒழிந்துவிடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. நம் உம்மாமார், நாம் செய்தது போதுமா என்று அஞ்சுகிறார்கள். அவர்களுள் சிந்திப்போர், நாம் நம்பியது உண்மையான நம்பிக்கைதானா என்று அஞ்சுகிறார்கள். அதை எவ்வாறு அறிவது என்று கேட்டால், மரத்தைக் கனியால் அறிக என்கின்றனர். நற்செயலே நம்பிக்கையின் கனியாம். நன்று. எனவே ஒவ்வொரு மாலையும் அவர்களும் தம் செயல்களையே எடுத்து எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாகின்றனர். நம் பெரியார்கள் முஹாஸபா என்றது இதனையன்றி வேறெதனை? முன்வாசலால் வெளியேற்றிய தன்கணக்கு பின்வாசலால் உள்ளே வந்து அமர்ந்துகொண்டது. பவுலும் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், தம் ஈடேற்றத்துக்காக அச்சத்தோடும் நடுக்கத்தோடும் உழைக்கும்படியே பணிக்கிறார். அத்தாளில் யோவானின் நிருபம் எடுத்துக் காட்டப்பட்டிருந்தது. பவுலின் இச்சொல்லைக் காணோம்.

இனி, நம்மீது அவர்கள் வைக்கும் பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம். தமக்கு என்ன செய்யப்படும் என்பதைத் தாம் அறியார் எனக் கூறுமாறு நாயகம் (ஸல்) அவர்களுக்கே அஹ்காஃப் அத்தியாயத்தில் கட்டளை வந்திருக்கிறதே, நபிக்கே தெரியாதது உம்மத்துக்கு எப்படித் தெரியும் என்பர். அவ்வசனம் இவ்வுலகில் நேரவிருப்பவற்றைக் குறிப்பது என்றுரைத்த விரிவுரையாளர் உண்டு. மறுமையையே குறிப்பதாகக் கொண்டாலும், அவர்களின் முன்பின் பிழைகள் பொறுக்கப்பட்டன என்னும் நற்செய்தி ஃபத்ஹ் அத்தியாயத்தில் பின்னர் இறங்கிவிட்டது. இறங்கிய பின்னும் பாதங்கள் வீங்கும்வரை இரவில் நின்று தொழுதார்கள். ஏன் இவ்வளவு சிரமம் என்று அன்னை ஆயிஷா (ரலி) வினவியபோது, நன்றியுள்ள அடியானாக இருக்க வேண்டாமா என்னும் கருத்தில் விடை பகர்ந்தார்கள். உமர் (ரலி) அவர்களோ சுவர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பதின்மருள் ஒருவர். நயவஞ்சகர் பட்டியலில் தம் பெயரும் உண்டோ என்று ஹுதைஃபா (ரலி) அவர்களை நாடிச் சென்று கேட்டவரும் அவரே. இறைவன் அளிக்கும் நற்செய்தியை நாம் மறுக்கவில்லை. அதனை ஒருவன் தனக்குத்தானே எழுதிக் கொடுத்துக்கொள்வதையே மறுக்கிறோம்.

நம் மத்ரஸாக்களில் ஒரு பழைய வாதம் உண்டு. நான் முஃமின் என்று கூறுங்கால் இன்ஷா அல்லாஹ் சேர்க்கலாமா என்பது அது. கடற்கரை ஊர்களின் ஷாஃபி உஸ்தாதுகள் சேர்க்கலாம் என்பர். உள்நாட்டு ஹனஃபி உஸ்தாதுகள், கூடாது, அது ஐயம் கொள்வதாகும் என்பர். விடுதியில் இதற்காக இரவு விளக்கணைத்த பின்னும் சண்டையிட்டிருக்கிறோம். வயது ஏறிய பிறகே தெரிந்தது: முன்னவர் பேசுவது முடிவைப் பற்றி, பின்னவர் பேசுவது இன்றைய ஈமானைப் பற்றி. முடிவு அவன் கையில் என்பதில் இருவருக்கும் பிணக்கில்லை.

ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது திருமறையின் தீர்ப்பு. இங்கே நாமும் கிறிஸ்தவ அன்பர்களும் பிரிகிறோம். அன்பின் பேரால் அதனை மழுப்ப வேண்டியதில்லை. பிறர் குருதி நம் கணக்கைத் தீர்க்கும் என்பதை நாம் ஏற்கவில்லை. மன்னிக்க நாடிய இறைவன் மன்னிப்பதற்கு ஈடு கேட்பவன் அல்லன். பாவமீட்சி கோரித் திரும்பும் அடியானை அவன் நேரே ஏற்றுக்கொள்கிறான்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் வாசகர்கள் மகிழ்வீர்கள். ஆனால் நிஸா அத்தியாயத்தில் இறைவன், இக்காரியம் வேதக்காரர்களின் வீண் ஆசைப்படியும் நடவாது என்பதற்கு முன்பாகவே, உங்களின் வீண் ஆசைப்படியும் நடவாது என்று நம்மை நோக்கிக் கூறுகிறான். நம் தெருக்களில் விற்பனையாகும் நிச்சயங்கள் எத்தனை! இன்ன மகானின் கைபிடித்தால் போதும். இன்ன திக்ரை இத்தனை தடவை ஓதினால் போதும். வட்டித் தொழில் செய்தாலும் ஓர் உம்ரா போய்வந்தால் எல்லாம் கழிந்தது. உம்மத்தாய்ப் பிறந்தோம், மன்றாட்டம் நமக்கு உண்டு. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், நல்ல நிலத்தில் நல்ல விதையிட்டு நீர் பாய்ச்சிக் களை பறித்தபின் விளைச்சலை எதிர்நோக்குவதே ஆதரவு என்றும், உவர் நிலத்தைத் திரும்பியும் பாராமல் அறுவடைக்குக் காத்திருப்பது மடமை என்றும் விளக்கினார்கள். துண்டுப் பிரசுரத்தை நகைக்கும் நாம் நம் வயலையும் ஒருமுறை சென்று பார்த்து வருதல் வேண்டும்.

மறுபுறம் ஒரு கேடு இருக்கிறது. மாணவரின் வினா நம்மைச் சுட்டது அங்கேதான். அவருடைய தாயாருக்கு அந்தத் திகிலைக் கற்றுக் கொடுத்தவர் யார்? நாம்தாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊர்ப் பெண்கள் திரைக்கப்பால் அமர்ந்து நம் பயானைக் கேட்டிருக்கிறார்கள். கப்ரின் நெருக்கம், பாம்பு, தேள், கேள்வி கணக்கு. அழுகை எழுந்தால் பயான் நன்றாயிருந்தது என்று பாராட்டுவர்; நமக்கும் அது இனித்தது. தொழுகையைத் தவறவிடாத, அண்டை வீட்டுக்கு உணவு கொடாமல் உண்ணாத அம்மூதாட்டிக்கு அச்சத்தை மட்டும் அள்ளி வழங்கினோம். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் ரியாளுஸ் ஸாலிஹீனில், உடல்நலம் உள்ளபோது அச்சமும் ஆதரவும் சமமாயிருக்கட்டும், நோயுற்றபோது ஆதரவே தனித்து நிற்கட்டும் என்று எழுதியிருப்பதைப் பல முறை பாடம் நடத்தியவர்கள் நாம். அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணம் கொண்டவராகவே அன்றி உங்களில் எவரும் மரணிக்க வேண்டாம் என்னும் கருத்துடைய நபிமொழியை முஸ்லிமில் ஓதிக் கொடுத்தவர்களும் நாமே. அவர் நோயுற்றது அறிந்து நலம் விசாரிக்கச் சென்றபோது யாஸீன் ஓதினோம், துஆச் செய்தோம், எழுந்து வந்துவிட்டோம். நவவி சொன்னதை அந்தக் கட்டிலருகில் நாம் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த அம்மையாருக்கு அவருடைய போதகர் ஆதரவைச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன காரணத்தை நாம் ஏற்கோம். சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னார் என்பதை எவ்வாறு மறுப்போம்?

மாணவரிடம் இவை அனைத்தையும் மறைக்காமல் கூறினோம். நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். பின்னர், “அப்படியானால் உம்மா?” என்றார். நமக்குத் தெரியாது என்றோம். தம் படைப்பின்மீது தாயினும் மிக்க இரக்கமுடையவனிடம் அவர்கள் சென்றிருக்கிறார்கள், அவர்களைக் குறித்து நமக்கு மிக நல்ல ஆதரவு இருக்கிறது, நம்மைக் குறித்து அவ்வளவு இல்லை என்றோம். அவர் சற்றே சிரித்தார். அத்தாளை எடுத்துச் செல்லவில்லை. நம் ரியாளுஸ் ஸாலிஹீனுக்குள் அது இருக்கிறது. அடுத்து அவ்வூரில் நாம் பயான் செய்த வெள்ளிக்கிழமையன்று, அதே நூலில் அச்சத்தைப் பற்றிய பாடத்தை விடுத்து, அதற்கடுத்த ஆதரவின் பாடத்தைத் தொடக்கம் முதல் வாசித்தோம். திரைக்கப்பால் அன்று அழுகையொலி எழவில்லை.