பெயரை விழுங்கியது கடலன்று!

அமெரிக்க நாட்டு நியூபெட்போர்டுத் துறைமுகத்தில் 1832ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற கடலோடிகளின் வழிபாட்டு மனை ஒன்று உண்டு. அதன் சுவர்களில் வரிசையாகப் பளிங்குப் பலகைகள். திமிங்கில வேட்டைக்குச் சென்று, புதைப்பதற்கு உடலும் கிட்டாமற் போனவர்க்கு உறவினரும் உடன்தொழிலாளரும் பதித்த நினைவுக் கற்கள் அவை. வில்லியம் சுவெயின் என்னும் மீகாமன், தம் அகவையின் 49ஆம் ஆண்டில், ஈட்டி தைத்த திமிங்கிலம் இழுத்தோடிய கயிற்றால் வாரிச் செல்லப்பட்டு 1844 மேத் திங்களில் மூழ்கினார் என்று ஒரு கல் உரைக்கின்றது. பெயர், அகவை, இறப்பு, அவ்வளவே. ஆயினும் அவர் வாழ்ந்தார் என்பதற்கு அதுவன்றோ சான்று! நடுகல்லிற் பெயர் பொறித்த மரபினராகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் அம்மனைக்குள் இன்று கண்ணைப் பறிப்பது எது? கப்பல் முகப்பைப் போன்ற சொற்பொழிவு மேடை! மெல்வில் 1851இல் வெளியிட்ட 'மோபி திக்கு' புதினத்திற் புனைந்துரைத்த மேடை அது. 1956இல் அக்கதை திரைப்படமாகவே, வந்தவரெல்லாம் மேடை எங்கே என்றனர். 1961இல் ஒன்றைச் செய்தே வைத்துவிட்டனர். கதைக்கு உருக்கொடுக்க இத்துணை ஆர்வம் காட்டியவர்கள், உண்மையில் மாண்டவர்க்குச் செய்தது என்ன?

அவ்வூர் நூலகத்தின் முன் 1913இல் வில்லியம் கிராப்போ என்னும் செல்வர் வழங்கிய வெண்கலச் சிலை நிற்கின்றது. படகின் முனையில் எறியீட்டி ஓங்கிய வேட்டையாளன். முகமோ வெள்ளையின முகம்! அந்நாளில் அவ்வூர் வேட்டைக் கப்பல்களில் உழைத்தவருட் பெரும்பகுதியினர் கேப்பு வெர்தே முதலிய தீவுகளிலிருந்து வந்தவர். உழைத்தவன் ஒருவன், உருவம் பெற்றவன் மற்றொருவன்!

பெயரேனும் மிஞ்சிற்றா? பெரெய்ரா என்பவன் பெர்ரி ஆனான். ரோதரிகசு என்பவன் ரோசர்சு ஆனான். ஆங்கிலேயர்க்கு நாப் புரளவில்லையாம். அதற்காக அயலான் தன் தாய் இட்ட பெயரை இழக்கவேண்டுமாம்! பெயர் திரிக்கப்பட்டவன் கடலில் மூழ்கினால், அத்தாய் எந்தக் கல்லில் அவனைத் தேடுவாள்?

நாந்துக்கெட்டுத் தீவின் 'எசெக்சு' கப்பலை 1820 நவம்பர் 20இல் திமிங்கிலம் ஒன்று முட்டி உடைத்தது. சிறு படகுகளில் ஏறிய 20 பேருள் உயிர் பிழைத்தோர் 8 பேர். மீகாமன் பொல்லார்டு மீண்டார். துணைவர் சேசு மீண்டு, மறு ஆண்டே நூலும் வெளியிட்டார். கறுப்பினத்தார் அறுவருள் ஒருவரும் மீளவில்லை. பசி முற்றிப் பிணந்தின்ன நேர்ந்தபோது முதலில் உணவான நால்வரும் அவர்களே. அலைக்கு நிறவேற்றுமை தெரியாது. பழியைக் கடலின்மேற் போடாதீர்!

மீகாமன் பெயரை உலகம் அறியும். எனவே அவ்வறுவர் பெயரை மட்டும் இங்கு அச்சிடுகின்றோம்: இலாசன் தாமசு, சார்லசு சார்ட்டர், ஐசையா செப்பர்டு, சாமுவேல் ரீடு, இரிச்சர்டு பீட்டர்சன், வில்லியம் பாண்டு.