மூட்டையில் சீட்டு இருக்கிறது, சரி...

(மூன்றாம் ஆண்டு, இ.சி.இ.)

எலெக்ட்ரானிக்ஸ் லேபில் முதல் நாள் நம் கையில் தருவது ஒரு சால்டரிங் அயர்னும் ஒரு சுருள் ஈயக்கம்பியும். ஈயம் என்று வாய்தான் சொல்கிறது. அந்தச் சுருளில் 100க்கு 60 பங்கு தகரம்! போர்டில் வைக்கும் அந்தச் சின்ன மஞ்சள் கெப்பாசிட்டருக்குள் டான்டலம். மெக்கானிக்கல் நண்பர்கள் லேத்தில் மாட்டும் கார்பைடு டூலில் டங்ஸ்டன். ஐ.சி.க்குள் மயிரிழையைவிட மெல்லிய கம்பி பல நேரம் தங்கம். இவையெல்லாம் எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தன என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? உங்களைச் சொல்வானேன், நானும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில்தான் அந்தக் கேள்வி என்னைத் தேடி வந்தது. போர்டு அசெம்பிளி செய்யும் சிறு கம்பெனி. பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்கிறவருக்குச் சப்ளை செய்கிறவர்கள். ஒரு நாள் மேலிருந்து ஒரு எக்ஸெல் படிவம் வந்தது. உங்கள் பொருளில் தகரம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் உண்டா? காங்கோவிலிருந்தோ அதன் ஒன்பது அண்டை நாடுகளிலிருந்தோ வந்ததா? உருக்கிய ஆலையின் பெயர் என்ன? பர்ச்சேஸ் சார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, போன வருஷ ஃபைல் இருக்கு. தேதியை மட்டும் மாத்தி அனுப்பிடுப்பா." மாற்றினேன், அனுப்பினேன். பத்து நிமிஷ வேலை. டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பத்து நிமிஷம்தான் இதை எழுத வைத்தது.

காங்கோவின் கிழக்கே வட கிவு மாகாணத்தில் ருபாயா என்று ஓர் ஊர். மலையை மண்வெட்டியால் வெட்டி, கோல்டான் என்னும் கருப்புத் தாதுவை எடுக்கிறார்கள். டான்டலம் அதிலிருந்துதான் வருகிறது. 2024 ஏப்ரலில் எம்23 என்ற ஆயுதக் குழு அந்த ஊரைப் பிடித்தது. வரியாக மட்டும் மாதம் 8 லட்சம் டாலர் வசூல், தாது கள்ளத்தனமாக ருவாண்டாவுக்கும் போகிறது என்று அந்த ஆண்டு ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. இப்படித் துப்பாக்கிக்குக் காசு தரும் தாதுக்களைத்தான் மோதல் கனிமங்கள் என்கிறார்கள்.

இதற்காக அமெரிக்கா 2010இல் டாட்-ஃப்ராங்க் சட்டத்தில் 1502ஆம் பிரிவைச் சேர்த்தது. வாங்காதே என்று அது சொல்லவில்லை; விசாரி, விசாரித்ததை வெளியே சொல் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நான் தேதி மாற்றிய படிவம் இந்தச் சட்டங்கள் ஓட்டம் ஓட்டமாகக் கீழே தள்ளிவிட்ட காகிதம்தான்.

விசாரிப்பது எப்படி? பல வீட்டுப் பாலை ஒரே கேனில் ஊற்றின பிறகு இது எந்த மாட்டுப் பால் என்று சொல்ல முடியுமா? உலோகமும் அப்படித்தான். ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான குழிகள், மறுபக்கம் எண்ணற்ற தொழிற்சாலைகள், நடுவே சில நூறு உருக்காலைகள். உருகிவிட்டால் ஊர் அடையாளம் போச்சு! அதனால் தொழிற்சாலையிலிருந்து உருக்காலை வரை படிவம் போகிறது. உருக்காலையில் தணிக்கை நடக்கிறது. அதற்கு அப்பால் குழி வரைக்கும் சீட்டு. குழி வாசலில் மூட்டைக்கு எண் போட்ட ஒரு சீட்டு, வியாபாரியிடம் இன்னொரு சீட்டு, எடையைப் பேரேட்டில் எழுதுவது. ஐ.டி.எஸ்.சி.ஐ. என்ற திட்டம் இதை நடத்துகிறது.

கவனியுங்கள் நண்பர்களே, சீட்டு கட்டுவது மூட்டைக்கு, தாதுவுக்கு அல்ல. வேறு குழியின் தாதுவைக் கொண்டுவந்து அந்த மூட்டையில் கொட்டினால் சீட்டு என்ன செய்யும்? 2022இல் குளோபல் விட்னஸ் அமைப்பு அப்படித்தான் நடக்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. திட்டத்தார் மறுத்தார்கள். யார் சொல்வது சரி என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வாசலில் நேர்மையான ஆள் இல்லாவிட்டால் சீட்டு வெறும் சீட்டுதான் என்பதற்கு அறிக்கை எதுவும் தேவையில்லை.

'அப்படியானால் காங்கோ பக்கமே போகாதே, வம்பு விட்டது' என்பார்கள். அதையும் பார்த்தாயிற்று. 2010 செப்டம்பரில் காங்கோ அரசே கிழக்குப் பகுதிச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது. 2011 மார்ச்சில் தடை நீங்கியபோது வாங்குகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆயுதம் ஏந்தியவன் வேறு வரி தேடிக்கொண்டான். மண்வெட்டி ஏந்தியவன் பட்டினி. அங்கே அதற்கு 'ஒபாமா சட்டம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! 2024 டிசம்பரில் காங்கோ அரசு ஆப்பிள் நிறுவனத்தின் கிளைகள் மீது பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புகார் கொடுத்தது. ஆப்பிள் குற்றச்சாட்டை மறுத்தது. காங்கோ, ருவாண்டா கனிமங்களை வாங்க வேண்டாமென்று சப்ளை செய்பவர்களிடம் சொல்லிவிட்டதாகவும் கூறியது. சட்டப்படி அது பாதுகாப்பான வழியாக இருக்கலாம். குழியில் இறங்கி வேலை செய்கிறவனுக்கு?

இந்தச் சட்டத்தால் கிழக்குக் காங்கோவில் வன்முறை குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2024இல் எழுதியது. அப்படியானால் படிவத்தைக் குப்பையில் போடலாமா? கூடாது என்பதே என் கட்சி. 2014இல் முதல் அறிக்கைகள் வந்தபோது, கனிமம் காங்கோ வட்டாரத்திலிருந்து வந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை என்றவை 100க்கு 67 கம்பெனிகள். இதைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கோ அந்த 67 பேர் மீதுதான் மரியாதை. தெரியாது என்று எழுதினால் அடுத்த வருஷம் தேட ஓர் இடம் இருக்கும். தேதி மாற்றிய பதிலில் தேட ஒன்றுமில்லை. மேலே போகப் போக அது உண்மை மாதிரியே ஆகிவிடும்.

செலவு விஷயமும் உண்டு. சீட்டுக்கான கட்டணம் டன்னுக்கு இவ்வளவு என்று ஏற்றுமதி செய்பவரிடம் வாங்குகிறார்கள்; அவர் அதைத் தோண்டுகிறவன் விலையில் பிடிக்கிறார். ஒரு போனுக்குப் பல ஆயிரம் வாங்கும் பெரியவர்கள் குழி வாசலில் நிற்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? படிவம் கீழே வருகிற வேகத்தில் பணம் ஏன் வருவதில்லை?

சரி, பெரியவர்களை விடுங்கள். நாளைக்கு நம்மில் பாதிப் பேர் பர்ச்சேஸிலோ குவாலிட்டியிலோ உட்காரப் போகிறோம். இந்தப் படிவம் நம் மேசைக்குத்தான் வரும்.

டிரெயினிங் முடிய நாலு நாள் இருந்தது. சாரிடம் கேட்டுக்கொண்டு சால்டர் டீலருக்குப் போன் போட்டேன். "உருக்காலை பேரா? இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்லையே தம்பி!" என்று சிரித்தார். மூன்றாம் நாள் பெயர் வந்தது. இந்தோனேசியாவில் ஓர் ஆலை. நாங்கள் அனுப்பியிருந்த படிவத்தில் இருந்ததோ வேறு பெயர். சார் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "திருத்தி அனுப்பு. மேலே கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார். டான்டலத்துக்கும் தங்கத்துக்கும் நேரே 'தெரியவில்லை, விசாரிக்கிறோம்' என்று அடித்தேன். இந்த முறை ஒன்றரை மணி நேரம் ஆனது.