புரியாம எழுதுறது விளையாட்டு. மருந்துச் சீட்டுல வேண்டாம்!

1/ டூட்டி இல்லாத ராத்திரிகள்ல எனக்கொரு கிறுக்குப் பழக்கம். பெர்ல் மொழியில நாலே வரியில, பார்த்தா ஒண்ணும் புரியாத குட்டி புரோகிராம் எழுதுறது. "டாக்டருக்கு இது எதுக்கு?"ன்னு வீட்டுல கேட்பாங்க.

2/ பெர்ல், லாரி வால் 1987-ல வெளியிட்டது. டாலர் குறிக்குப் பின்னால ஒரு அடிக்கோடு போட்டாலே அது ஒரு மாறி. குழப்பி எழுத அவ்வளவு வசதி. ராண்டல் ஷ்வார்ட்ஸ் தன் பதிவுகளோட அடியில கையெழுத்து மாதிரி ஒரு புரோகிராம் போடுவார். ஓட்டினா "நானும் இன்னொரு பெர்ல் ஹேக்கர்"ங்கிற அர்த்தத்துல ஒரே வரி வரும். அதையே பலரும் விதவிதமா எழுத ஆரம்பிச்சாங்க. எழுத்துக்குப் பதில் எண், தலைகீழா வார்த்தைன்னு. சி மொழியில இதுக்கு 1984-லயே சர்வதேசப் போட்டி வந்தாச்சு.

3/ நமக்கு இது புதுசில்ல. சம்பந்தர் பாடின மாலைமாற்றை முன்னாடியிருந்து வாசிச்சாலும் பின்னாடியிருந்து வாசிச்சாலும் ஒண்ணுதான். சித்தர்கள் மருந்துப் பேரையே பரிபாஷையில மறைச்சாங்க.

4/ போன மாசம் அயோத்தியாப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு பாட்டி பழைய சீட்டை நீட்டி, "இதுல என்ன சாமி எழுதியிருக்கு?"ன்னாங்க. என்னாலயும் படிக்க முடியல. கீழே பார்த்தா என் கையெழுத்து!

5/ சிரிச்சுட்டுப் போற விஷயமில்ல. இன்சுலின் 4 யூனிட்டுன்னு முழுசா எழுதாம, 4-ஐ ஒட்டி 'யு'ங்கிற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டா, அது பூஜ்யமாத் தெரிஞ்சு 40 ஆகிடும். சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே ஆபத்து. 'ஓ.டி.'ன்னா தினம் ஒருவேளை. கண் மருத்துவத்துல அதுவே வலது கண்.

6/ மருந்தோட ஜெனரிக் பேரைத் தெளிவா, முடிஞ்சவரை கேபிடல் எழுத்துல எழுதணும்னு இந்திய மருத்துவ கவுன்சில் 2016-லயே விதியைத் திருத்திடுச்சு. ஓ.பி.யில கூட்டம், நேரமில்லைங்கிறது நிஜம். ஆனா அந்த அவசரத்துக்கு விலை கொடுக்கிறது நோயாளி.

7/ புதிர் புரோகிராமைப் படிக்கிறவன் விரும்பி வந்து உட்காருறான். தோத்தாலும் சிரிப்பான். பாட்டி புதிர் கேட்டு வரல. அதனால என் புதிரெல்லாம் இப்ப கம்ப்யூட்டரோட சரி. சீட்டுல "காலை 1, இரவு 1, சாப்பிட்ட பிறகு"ன்னு தமிழ்லயே எழுதுறேன்.

8/ உங்க சீட்டு புரியலைன்னா கூச்சப்படாம அங்கேயே கேளுங்க. "படிச்சுக் காட்டுங்க டாக்டர்"னு சொல்றது மரியாதைக் குறைவு இல்லீங்க. உங்க உரிமை.